சோளக்காடு வந்தாச்சு... கெட் டவுனா, கெட் ஆஃபா?

நாமக்கல்லில் கொல்லிமலை பஸ் ஏறி ஜன்னலோர சீட் பிடித்தால் ராஜயோகம்தான். ஆனால் அந்த யோகம் காரவள்ளி வரைக்கும்தான். அடிவாரத்தில் அங்கே ஆரம்பிக்கிற கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 70. பத்தாவது வளைவுக்குள் பாதி பஸ் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருக்கும். போன மாதம் நான் போனபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மட்டும் எதுவும் நடக்காதது மாதிரி நோட்டைப் பிரித்து வைத்து, உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். மலையில் பிறந்த பிள்ளை. வளைவெல்லாம் அவளுக்குத் தாலாட்டு.

எட்டிப் பார்த்தேன். நோட்டில் 'கெட் டவுன்' என்று எழுதி, அதன் மேல் சிவப்பு மையில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி.

“என்ன கண்ணு, பரீட்சையா?”

“ஆமாங்க்கா. நர்சிங் கடைசி வருஷம். ஓஇடி எழுதணும்.”

ஓஇடி என்பது வெளிநாட்டில் வேலை பார்க்கப் போகும் டாக்டர்கள், நர்ஸுகளுக்கான ஆங்கிலத் தேர்வு. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்வதற்கு 2017-லிருந்து இதையும் ஏற்றுக்கொள்கிறார்கள். கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதி. பேசும் பகுதியில் எதிரே ஒருவர் நோயாளியாக நடிப்பார். நர்ஸாக இருந்து அவரோடு ஐந்து நிமிடம் பேச வேண்டும். அப்படி இரண்டு தடவை.

பயிற்சி வகுப்பில் இந்தப் பெண், நோயாளியாக நடித்தவரிடம் கட்டிலை விட்டு இறங்கச் சொல்லியிருக்கிறாள். “ப்ளீஸ் கெட் டவுன் ஃப்ரம் தி பெட்.” வகுப்பே சிரித்திருக்கிறது. சொல்லிக்கொடுத்தவரும் சேர்ந்து சிரித்தாராம். “கெட் டவுன்னு பஸ் கண்டக்டர்தான் சொல்லுவாரு, நீ நர்ஸாகப் போறியா, கண்டக்டராகப் போறியா?”

“அன்னைக்கு மூடுன வாயிங்க்கா. மூணு வாரமா அந்த வகுப்புல வாயே தொறக்கலை” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தியவள் நான். 'கெட் டவுன்' என்று எழுதிய எத்தனை பிள்ளைகளின் நோட்டில் இதே சிவப்புப் பெருக்கல் குறியைப் போட்டிருப்பேன்!

விஷயம் இதுதான். தமிழில் 'இறங்கு' என்ற ஒரு சொல் ஊரையே சுமக்கும். பஸ்ஸிலிருந்து இறங்கலாம், மலை இறங்கலாம், மரத்திலிருந்து இறங்கலாம், படி இறங்கலாம். காய்ச்சல் இறங்கும், மிளகு விலை இறங்கும், வேலையில் இறங்குவோம். நல்ல நாளில் சாமி அருள்கூட இறங்கும். ஆங்கிலக்காரர்கள் எதிலிருந்து இறங்குகிறோம், எப்படி இறங்குகிறோம் என்று பார்த்துப் பார்த்துச் சொல்லை மாற்றுவார்கள். நாம் எல்லாவற்றுக்கும் 'கெட் டவுன்' போட்டுவிடுகிறோம்.

பஸ், ரயில், விமானம், சைக்கிள், குதிரை எல்லாவற்றுக்கும் 'கெட் ஆஃப்'. “ஐ'ம் கெட்டிங் ஆஃப் அட் செம்மேடு” என்றால் நான் செம்மேட்டில் இறங்குகிறேன். கார், ஆட்டோ என்றால் 'கெட் அவுட் ஆஃப்'. ஒரு வண்டிக்குள் எழுந்து நடக்க முடியும் என்றால், அல்லது அதன் மேல் காலைப் போட்டு உட்கார்வோம் என்றால் 'ஆஃப்'. குனிந்து உள்ளே நுழைந்து உட்கார்கிற வண்டி என்றால் 'அவுட் ஆஃப்'. இவ்வளவுதான் கணக்கு. சிங்கப்பூர் பக்கம் போனால் 'அலைட்' என்பார்கள். அது அறிவிப்புப் பலகை பாஷை.

“அப்போ பஸ்ஸுல கெட் டவுன்னு சொல்றது தப்புங்களா?”

நம் ஊரில் தப்பே இல்லை. தென்னிந்தியா முழுக்க பஸ்ஸில் அப்படித்தான் பேசுகிறோம், எல்லோருக்கும் புரிகிறது. குதிரையிலிருந்தும் சாரட்டிலிருந்தும் இறங்குவதற்கு ஆங்கிலேயர்களே புழங்கிய சொல்தான் அது. ஆனால் லண்டன் பஸ்ஸில் திடீரென்று “கெட் டவுன்!” என்று கத்தினால் யாரும் படியைப் பார்க்க மாட்டார்கள். தலையைப் பிடித்துக்கொண்டு சீட்டுக்கு அடியில் பதுங்குவார்கள். 'குனி, படு, ஆபத்து' என்று அதற்கு அர்த்தம். சினிமாவில் துப்பாக்கி வெடிக்கும்போது போலீஸ்காரர் கத்துவாரே, அதேதான்.

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

வெளியே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி சுற்றி ஏறியிருந்தது. ஏணி சாத்தி மிளகு பறிப்பவரைப் பார்த்து 'கெட் டவுன்' என்றால் அது சுத்தமான ஆங்கிலம். மரம், ஏணி, மதில், மேசை என்று உயரத்தில் ஏறி நிற்கிற எவரையும் அப்படிக் கூப்பிடலாம். இங்கிலாந்தில் குழந்தைகள் சாப்பிட்டு முடித்ததும் மேசையை விட்டு எழுந்துபோக “மே ஐ கெட் டவுன்?” என்று கேட்பது பழைய வழக்கம்.

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். அந்தப் படி இறங்குவதற்கு 'கோ டவுன் தி ஸ்டெப்ஸ்'. அவளை மாதிரிப் பிள்ளைகள் ஓடி இறங்குவார்கள், அது 'வென்ட் டவுன்'. என்னை மாதிரி முட்டிவலிக்காரி கம்பியைப் பிடித்து, உட்கார்ந்து, எழுந்து, ஒருவழியாகக் கீழே போய்ச் சேர்ந்தால் “ஐ காட் டவுன்” என்று தாராளமாகச் சொல்லலாம். 'கெட்' என்ற சொல்லுக்குள் அந்த 'ஒருவழியாக' ஒளிந்திருக்கிறது.

சரி, கட்டில்? படுத்திருப்பவரை எழுந்து இறங்கச் சொல்ல 'கெட் அவுட் ஆஃப் பெட்'. சோதித்துப் பார்க்கிற உயரமான கட்டிலில் உட்கார்ந்திருப்பவரிடம், சோதனை முடிந்ததும், “யூ கேன் கெட் டவுன் நவ்” என்று அங்கேயும் டாக்டர்கள் சொல்வார்கள்.

“அப்போ நான் சொன்னது...”

“பாதி சரி. சிரிக்கிற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்லை கண்ணு.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு வளைவு முழுக்கப் பேசவில்லை. நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.

நர்ஸ் வேலைக்குப் போகிறவளுக்கு உண்மையில் தெரிந்திருக்க வேண்டியது வேறு இரண்டு வாக்கியங்கள். ஒன்று, “ஐ கான்ட் கெட் எனிதிங் டவுன்.” நோயாளி இப்படிச் சொன்னால் எதிலிருந்தும் இறங்க முடியவில்லை என்று பொருள் இல்லை. சாப்பாடோ மாத்திரையோ தொண்டையில் இறங்கவில்லை, விழுங்க முடியவில்லை என்கிறார். நம் வீட்டில் “சோறு இறங்க மாட்டேங்குது” என்பதற்கு நேர் அண்ணன் தம்பி.

இன்னொன்று, “இட்'ஸ் கெட்டிங் மீ டவுன்.” இதில் கட்டிலும் இல்லை, படியும் இல்லை, சோறும் இல்லை. 'மனசு விட்டுப்போச்சு, சோர்ந்துபோய்க் கிடக்கிறேன்' என்று அர்த்தம். வயதானவர்கள் சத்தமில்லாமல் இதைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். இதைக் கேட்ட நர்ஸ், கட்டிலை விட்டு இறக்கச் சொல்கிறார் போல என்று கைத்தாங்கலாகப் பிடிக்கப் போனால் என்ன ஆகும்? அவர் சொல்ல வந்த துக்கம் அப்படியே நின்றுபோகும். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து “என்னாச்சு?” என்று கேட்க வேண்டிய இடம் அது.

இதை மட்டும் அவள் இரண்டு தடவை எழுதிக்கொண்டாள். “டிட் யூ கெட் தட் டவுன்?” என்று கேட்டேன். விழித்தாள். எழுதிக்கிட்டியா என்று கேட்பதும் அதே சொல்தான்!

காய்ச்சல் இறங்குவதற்கும் விலை இறங்குவதற்கும் 'கம் டவுன்'. வீக்கம் வடிவதற்கு 'கோ டவுன்'. இவற்றுக்கு 'கெட் டவுன்' போட்டால் நிஜமாகவே தப்பு. “தி ஃபீவர் காட் டவுன்” என்று ஒருநாளும் சொல்லிவிடக் கூடாது. வேலையில் இறங்குவதற்கு மட்டும் தமிழும் ஆங்கிலமும் ஒரே தடத்தில் நடக்கின்றன: “கெட் டவுன் டு வொர்க்.” சாமி அருள் இறங்குவதற்கு? அதை அவர்களே கண்டுபிடிக்கட்டும், விட்டுவிடுவோம்.

“சோளக்காடெல்லாம் இறங்குங்க!” கண்டக்டர் குரல் கொடுத்தார். சந்தைக்கு வந்தவர்கள் மூட்டைகளோடு இறங்கினார்கள். பஸ்ஸுக்குள் பலாப்பழ வாசனையும் குளிர்காற்றும் சேர்ந்து ஏறின.

செம்மேடு நெருங்கியதும் அவள் எழுந்தாள். அவளுடைய பை எனக்கு மேலே இருந்த கம்பித் தட்டில் சிக்கிக்கொண்டிருந்தது.

“அக்கா, அந்தப் பையைக் கொஞ்சம் இறக்கிக் குடுங்களேன்.”

“இங்கிலீஷ்ல கேளு, தர்றேன்.”

'இறங்கு' என்பதை 'இறக்கு' என்று மாற்ற நமக்கு ஒரு எழுத்து போதும். ஆங்கிலத்தில் பையைக் கொண்டுபோய் நடுவில் வைக்க வேண்டும். அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

“குட் யூ கெட் மை பேக் டவுன், ப்ளீஸ்?”

எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, “வியாழக்கிழமை வகுப்பு இருக்குங்க்கா” என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.