லைனில் முதல் வருஷம்

1970-களில் வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் கார் ஆலையில் வேலை தேடிய பையனுக்கு முதலில் பொறுமை வேண்டியிருந்தது. ஐடிஐயில் ஃபிட்டரோ வெல்டரோ முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, தவறாமல் கார்டைப் புதுப்பிக்க வேண்டும். காலியிடங்களை அந்த அலுவலகத்துக்குக் கம்பெனிகள் தெரிவிக்க வேண்டும் என்று 1959-ஆம் ஆண்டே சட்டம் வந்திருந்தது. கடிதம் வருவதற்குள் தங்கைக்குக் கல்யாணமே முடிந்துவிடும்.

உள்ளே போனால் அப்ரண்டிஸ். மூத்த ஃபிட்டர் ஒருவர் பக்கத்தில் நின்று ஃபைல் பிடிப்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அரசு லைசென்ஸ் கொடுத்த அளவுக்கே கார் செய்ய முடிந்த காலத்தில் உற்பத்தி குறைவு; லைன் மெதுவாகத்தான் நகரும். கதவு சரியாக மூடாவிட்டால் கீலைத் தளர்த்தி, தட்டி, இடைவெளியைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்ய நேரம் இருந்தது. வெல்டிங் பொறியும் பெயின்ட் நெடியும் உடம்பை வாட்டின என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கம்பெனியும் நிலைக்கவில்லை. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 காரைக் கொண்டுவந்து, 1988-இல் மூடிவிட்டார்கள். பர்மனன்ட் என்ற சொல்லுக்கு அன்றும் உத்தரவாதம் கிடையாது. ஆனால் வெளியே வந்தவரிடம் எந்தப் பட்டறையிலும் காட்டிப் பிழைக்கக்கூடிய ஒரு தொழில் இருந்தது.

பிறகு புதிய ஆலைகள் வந்தன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து சான்ட்ரோ கார் வந்தது. மறைமலைநகரில் ஃபோர்டு, 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான். முதல் அலையில் டிரெய்னியாகச் சேர்ந்த பலர் பர்மனன்ட் ஆனார்கள், வீடு கட்டினார்கள். திருநெல்வேலியிலும் ராமநாதபுரத்திலும் அவர்களைப் பார்த்துத்தான் தம்பிகள் பஸ் ஏறினார்கள்.

இன்று அந்த ஆலைகளை நம்பிச் சுங்குவார்சத்திரத்தில் நாலைந்து பேராக ரூம் எடுத்துத் தங்கும் தம்பிக்கு வேலை கிடைப்பது எளிது. சில நாள் பாதுகாப்பு வகுப்பு, யூனிஃபார்ம், கம்பெனி பஸ், கேன்டீன் சாப்பாடு. அப்புறம் ஒரு ஸ்டேஷன். மணிக்கு 60 கார் இறங்கும் லைனில் அவன் கையில் இருப்பது ஒரு நிமிஷம். அதற்குள் நாலு போல்ட்டை முடுக்கி, ஒயரின் கிளிப்பை அழுத்தி, மார்க் போட்டுவிட்டு அடுத்த காருக்குத் திரும்ப வேண்டும். முடுக்கும் அளவை மெஷினே பார்த்துக்கொள்கிறது. குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். இடைவேளை போக ஒரு ஷிஃப்டில் நானூறு தடவைக்கு மேல் அதே அசைவு. வெல்டிங்கையும் கனமான தூக்கு வேலையையும் ரோபோக்கள் எடுத்துக்கொண்டது உண்மையிலேயே பெரிய நன்மை. ஆனால் மூன்று வருஷம் இடது பின்கதவின் ரப்பரை மட்டும் பொருத்தியவனுக்கு என்ன தொழில் தெரியும்?

இதுதான் என் மனத்தை உறுத்துகிறது. 2013-இல் வந்த 'நீம்' திட்டம் மூன்று மாதம் முதல் 36 மாதம் வரை டிரெய்னிகளை வைத்துக்கொள்ள வழி செய்தது. பயிற்சி என்று பெயர்; பல இடங்களில் நடந்தது உற்பத்தி. காலம் முடிந்ததும் அடுத்த பேட்ச் வந்துவிடும். அப்ரண்டிஸ் சட்டமும் அப்ரண்டிஸைத் தொழிலாளியாகக் கணக்கில் எடுப்பதில்லை. அவனை வேலைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்று கம்பெனியைப் பொதுவாகக் கட்டாயப்படுத்துவதும் இல்லை. ஒரு பையனின் இருபதிலிருந்து இருபத்து மூன்று வயதுவரை வாங்கிக்கொள்ளும் ஆலை, அவனுக்கு ஒரு தொழிலையாவது கற்றுக்கொடுத்து அனுப்பக் கடமைப்பட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்டேஷனை மாற்றினாலே பாதி கற்றுக்கொள்வான். பராமரிப்புப் பிரிவில், ரோபோவைத் திறந்து பழுது பார்க்கும் இடத்தில் கொஞ்ச காலம் நிறுத்தினால் மீதியும் வரும்.

அதுவரை, கேட்டில் நிற்கும் பிள்ளைகள் கையெழுத்துப் போடும் தாளைப் படித்துப் பார்க்க வேண்டும். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி பதிவான ஒப்பந்தமா, கான்ட்ராக்டர் கொடுக்கும் வெறும் டிரெய்னி கடிதமா என்று கேளுங்கள். சட்டப்படியான ட்ரேடில் சேர்ந்தவர் முடிவில் தேர்வு எழுதித் தேறினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் கிடைக்கும். ரயில்வேயிலும் பொதுத்துறையிலும் அதற்கு மதிப்பு உண்டு. ஷிஃப்டும் ஓ.டி.யும் அலுப்பைத் தந்தாலும், அந்தத் தேர்வை எழுதாமல் ஊருக்குத் திரும்பிவிடாதீர்கள்.