மணப்பந்தரும் மலைச்சாரலும்

‘கலியாணம் எங்கே?’ என்னும் வினாவுக்கு யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் ஒரே விடைதான் இருந்தது: ‘பெண் வீட்டில்.’ பின்னர்க் கோயில் மண்டபமும், அதன்பின் கலியாண மண்டபமும் அவ்விடையிற் புகுந்தன. இன்று வேறொரு விடையும் காதில் விழுகின்றது: ‘நுவரெலியாவில்’, ‘எல்லவில்’, ‘கண்டி மலையில்’. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வாழும் நம்மவர் சிலர் சில வார விடுமுறையில் வந்து, மலைநாட்டு விடுதியொன்றில் மணவினையை முடித்து மீள்கின்றனர். அவரைக் கண்டு ஊரில் உள்ளார் சிலருக்கும் அவ்வாசை பிறந்திருக்கின்றது.

இதனை எள்ளி நகையாடுதல் எளிது, ஆயின் முறையன்று. மலையே இல்லாத நாடு நமது தீபகற்பம். பெயரளவில் மலையாகிய கீரிமலையும் கடலோரத்துச் சுண்ணக்கல் மேடே. பனையும் தோட்டமும் பரவைக் கடலும் கண்டு வளர்ந்த கண்ணுக்கு மஞ்சு தவழும் சிகரம் விருந்தாதல் இயல்பு. அன்றியும், தமிழ் மரபு மலையைக் காதலுக்கு அயலாக வைக்கவில்லை. காதலின் தாய்வீடாகவே வைத்தது. ஆதலின் முதற்கண் வினவத்தக்கது இது: மலைக்கும் மணத்துக்கும் நம் முன்னோர் கண்ட உறவு யாது?

குன்றமும் முற்றமும்

குறிஞ்சித் திணையின் நிலம் மலையும் மலைசார்ந்த இடமும். அதன் உரிப்பொருள் புணர்ச்சி. தினைப்புனம் காக்கும் மகளும் வேட்டைமேல் வந்த தலைவனும் சுனையருகில் எதிர்ப்படுகின்றனர். கொடுப்பாரும் இல்லை, கேட்பாரும் இல்லை. மலையின் தனிமையே அவர்க்குத் துணை. இதனைக் களவு என்றனர். ஆயின் களவு அங்ஙனமே நெடிது செல்லலாகாது. வரைவில் முடிதல் வேண்டும் என்பதே அகப்பாட்டுக்களின் கவலை. தோழி தலைவனை நெருக்குவதும், இரவு வருதலை விலக்குவதும், செவிலிக்கு அறத்தொடு நிற்பதும் எல்லாம் இதன்பொருட்டேயாம். களவைப் பேசிய தொல்காப்பியர், கற்பியலுக்கு வந்தவிடத்துக் கொடுத்தற்குரியோரையும் கரணத்தையும் முன்வைக்கின்றார்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளை உடையது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ்நெறி அறிவித்தற்குப் பாடியது என்பர். மலைநாட்டு மகளிர் பறித்துக் குவித்த 99 பூக்களை அதிற் பெயர் சொல்லி அடுக்குகின்றார் புலவர். மலையழகை அவரினும் அன்போடு எண்ணியவர் வேறு யார்? அத்தகையவர் தம் தலைவனை எங்ஙனம் பேசவைத்தார் என்று பார்த்தல் வேண்டும். தலைவன் மலையுறை கடவுளை வணங்கி, அருவி நீரைப் பருகிச் சூளுரைக்கின்றான். அச்சூளின் பொருளோ, நாடு அறியும்படி உன்னை மணப்பேன் என்பதும், திறந்த வாயிலில் விருந்தினரை ஊட்டி எஞ்சியதை உன்னோடு உண்பேன் என்பதுமே. சூளுக்குச் சாட்சி மலை. மணத்துக்குச் சாட்சி நாடு. இவ்விரண்டையும் கபிலர் குழப்பவில்லை.

சங்கத் தமிழர் மணவினை எத்தகைய இடத்தில் நிகழ்ந்தது என்பதற்கு அகநானூற்றில் இரு பாட்டுக்கள் தலைசிறந்த சான்று. ஒன்று நல்லாவூர் கிழார் பாடிய 86 ஆம் பாட்டு. மற்றது விற்றூற்று மூதெயினனார் பாடிய 136 ஆம் பாட்டு. இரண்டும் மருதத்திணைப் பாட்டுக்கள். முன்னதில் வரிசையாகக் கால் நட்ட பெரும் பந்தரும், கொணர்ந்து பரப்பிய மணலும், ஏற்றிய மனைவிளக்கும், உழுந்து கலந்து ஆக்கிய உணவும் காண்கின்றோம். விடியற்பொழுதில் முதுமகளிர் நீர்க்குடம் சுமந்து வருகின்றனர். மக்களைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர் நீரும் பூவும் நெல்லும் பெய்து மணமகளை வாழ்த்துகின்றனர். இங்கே இயற்கைக் காட்சி ஒன்றும் பேசப்படவில்லை. பந்தரும் மக்களுமே பேசப்படுகின்றனர். குடம் சுமந்த முதியவளும் வாழ்த்திய நால்வரும் இல்லையாயின் அம்மணமே இல்லை.

வேடர் ஊரில் ஒரு மணம்

யாழ்ப்பாணத்தார் கந்தபுராணத்தோடு வளர்ந்தோர். நம் ஊர்க் கோயில்களில் ஒருவர் செய்யுளை இசையோடு படிக்க மற்றொருவர் பயன் சொல்ல, ஊரார் இருந்து கேட்கும் புராணபடனம் நமக்குப் புதிதன்று. கச்சியப்ப சிவாசாரியாரின் அந்நூலில் மலைக் கலியாணங்கள் மூன்று உள.

முதலாவது இமயத்தில் நிகழ்ந்த உமைதிருமணம். அண்டம் முழுதும் அங்கே திரண்டமையால் வடபால் தாழ்ந்தது, தென்பால் உயர்ந்தது. நிலத்தைச் சமன்செய்ய அகத்தியரைப் பொதியமலைக்கு அனுப்பினார் இறைவர். காணற்கரிய மணத்தைக் காணாது செல்ல வேண்டியவர் ஒரு முனிவர். அவர் மனம் எத்தனை துயருற்றிருக்கும்! பாபநாசத்திலும், நமக்கு எதிர்க்கரையில் உள்ள வேதாரணியத்திலும் இறைவர் அவருக்குத் திருமணக் காட்சி அளித்தார் என்பது தலவரலாறு. வேதாரணியத்தில் இலிங்கத்தின் பின்னே இன்றும் மணக்கோலத்து அம்மையப்பரைக் காணலாம். வரமுடியாதவரை மறவாதிருத்தலும் மணவீட்டாரின் கடன் என்பதை இக்கதை சொல்லாமற் சொல்கின்றது.

இரண்டாவது திருப்பரங்குன்றத்தில் நிகழ்ந்த தெய்வயானை திருமணம். குன்றம் என்றவுடன் உச்சியை நினைத்தல் வேண்டா. கோயில் குன்றின் அடிவாரத்திற் குடைந்த குடைவரையை மூலமாக உடையது. குழந்தையும் கிழவரும் எளிதில் எய்தக்கூடிய இடம். பங்குனித் திருவிழாவில் இம்மணத்துக்கு மதுரையிலிருந்து மீனாட்சியம்மையும் சொக்கநாதரும் எழுந்தருள்வர். சித்திரையில் மதுரையில் மீனாட்சி திருமணம் நிகழும்போது முருகன் அங்குச் செல்வான். சுற்றம் ஒருவர் மணத்துக்கு ஒருவர் சென்று மீளும் இம்முறை தெய்வங்களுக்கும் உண்டு. இதனோடு அழகர் கதையையும் எண்ணிப் பார்த்தல் தகும். தங்கையின் மணம் காண மலையிலிருந்து இறங்கி வந்த அழகர் வையையை அடையுமுன் மணம் முடிந்துவிட்டது. அவர் மதுரைக்குட் புகாமலே திரும்பினார் என்பது நாட்டார் வழக்கு. உடன்பிறந்தான் காணாத மணம் எத்துணைச் சிறப்பாயினும் ஒரு குறையுடையது என்று அம்மக்கள் கருதினர் போலும்.

மூன்றாவதே நமக்கு மிக அணித்தானது: வள்ளியம்மை திருமணம். தினைப்புனத்தில் வேடனாகவும் வேங்கையாகவும் கிழவனாகவும் வந்து காதல் கொண்ட முருகன், ஒருநாள் இரவு அவளை உடன்கொண்டு செல்கின்றான். நம்பிராசனும் வேடரும் தொடர்ந்து வந்து எதிர்த்து மாய்கின்றனர். அப்பொழுது அங்கு வந்த நாரதர், பெற்றோர் அருள் பெறாது இவளைக் கொண்டுசெல்லுதல் தகுமோ என்று உணர்த்துகின்றார். வள்ளியின் வாயிலாக வேடர் உயிர் பெறுகின்றனர். எழுந்த நம்பி வேண்டியது யாது? எம் ஊருக்கு வந்து, எம் முன்னிலையில் மணந்து, அதன்பின் செல்க என்பதே. முருகன் மறுத்தானல்லன். விரும்பிய இடத்தை நொடியில் மணமண்டபமாக்க வல்ல பெருமான், வேடரின் சிறுகுடிக்குத் திரும்பி நடந்தான். அங்கே விரித்த தோலாசனத்தில் இருந்து, மாமன் கொடுக்க மணமகளைக் கைப்பற்றினான். காதலித்த இடம் மலைப்புனம்; கைப்பிடித்த இடம் பெண்ணின் ஊர். தேவர் உலகினும் சிறுகுடி அவனுக்கு உயர்ந்ததாயிற்று. அங்கேதான் அவளைத் தொட்டில் முதல் அறிந்தோர் இருந்தனர்.

கன்னிக்கால் கேட்கும் நிலம்

நமது கலியாணச் சடங்குகளை ஒவ்வொன்றாக எண்ணினால் அவை ஒரு நிலத்தை வேண்டி நிற்பது புலனாகும். மாப்பிள்ளை வீட்டிற் பொன்னுருக்கு நிகழும். கன்னிக்காலாக முள்முருக்கங் கிளையை ஊன்றுவர். வேலியில் நின்று, வெட்டி நட்ட இடத்தில் எளிதில் வேர்கொள்ளும் மரம் முள்முருக்கு. குடும்பமும் அங்ஙனம் தளிர்த்தல் வேண்டும் என்பது குறிப்பு. பளிங்குத் தரையிட்ட விடுதிக் கூடத்தில் அதனை எங்கே ஊன்றுவது? சாடியில் மண்ணிட்டு நட்டு, மூன்றாம் நாள் விட்டு வருகின்றனர். பலகாரச் சூடு அயல்வீட்டுப் பெண்களின் கைகளை வேண்டுவது. கால்மாறிப் போதலும் நாலாம் சடங்கும் இரண்டு வீடுகளை வேண்டுவன. விடுதியிலோ ஓர் அறையிலிருந்து எதிர் அறைக்குப் போதலே கால்மாறுதல் ஆகின்றது. அருந்ததி காட்டுதலும் மலைமூடுபனியில் நம்பிக்கையளவில்தான் நிகழும்.

ஆயினும் ஒன்றை ஈண்டுச் சொல்லாது விடுதல் அறமன்று. முற்றம் எல்லோருக்கும் எஞ்சவில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்தோர் பலர். 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுதும் ஒரே இரவில் வழிநடந்தது. மீண்டு வந்தோர்க்கு வீடில்லை. பலருக்கு வளவின் எல்லைக்கல்லும் இல்லை. சுற்றத்தார் ஐந்து நாடுகளிற் சிதறிய குடும்பத்தை நோக்கி, ‘முற்றத்திலே பந்தலிடு’ என்பது புண்ணில் வேல் பாய்ச்சுதலாம். அத்தகையோர் மலையிற் கூடினால் அதனைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. முற்றம் என்பது மண் மட்டுமன்று. அதில் வந்து நிற்கும் மக்களுமாம். ஆகவே இடம் தெரிவார் முதலிற் கேட்க வேண்டுவது ‘அங்கே என்ன தெரியும்?’ என்பதன்று, ‘அங்கே யார் வருவர்?’ என்பதே.

மலையைத் தெரிவோர்க்கு

இவ்வினாவுக்கு விடை கண்டபின்னும் மலையே தக்கதென்று துணிவோர் சிலவற்றை எண்ணுதல் நலம். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ9 வீதி 320 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. அதன்பின் நுவரெலியாவுக்கு ஏறவேண்டும். அந்நகர் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. எழுபது வயதைக் கடந்த அம்மம்மாவுக்கு அவ்வழி ஒரு நாட் பயணமன்று. இரு நாட் பயணம். இடையில் ஓரிரவு தங்கவைத்தல் வேண்டும். தை மாசியில் அங்கே உறைபனி பெய்யும் இரவுகளும் உண்டு. பட்டுவேட்டி மட்டும் போதாது.

நாள் பார்ப்போர் மழையையும் பார்த்தல் வேண்டும். நமக்கு முகூர்த்தம் மலிந்த வைகாசியும் ஆனியும் மலையின் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை பொழியும் காலம். எல்ல, பதுளை முதலிய கிழக்குச் சரிவுகள் வடகீழ்ப் பருவத்தில் நனைவன. ஒரே மலை இருபுறமும் இருவேறு காலத்தில் மழை பெறுவதால், நமது பஞ்சாங்கத்தை அப்படியே அங்குக் கொண்டுபோதல் இயலாது. சித்திரையிலோ நுவரெலியா வசந்தகாலக் கூட்டத்தால் நிறைந்திருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையால் மலையகத்திற் பல இடங்களில் மண் சரிந்து உயிர்கள் மாண்டன. வீதிகளும் இருப்புப் பாதைகளும் துண்டிக்கப்பட்டன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைச் சோதிடரின் சொல்லுக்கு நிகராக மதித்தல் வேண்டும்.

இன்னொன்று: நாம் காட்சி என்று காண்பது பிறர் உழைப்பு. 1867 இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலந்தொட்டு அம்மலைகளைப் பசுமையாக்கியவர் தமிழ்நாட்டிலிருந்து கொணரப்பட்ட மக்கள். 1948 இல் நாடு தன்னாட்சி பெற்ற ஆண்டிலேயே அவருள் மிகப் பலர் குடியுரிமை இழந்தனர். தாம் வந்த இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தனர். அவர்களுட் பலர் இன்றும் லயன் அறைகளில் வாழ்கின்றனர். மணமக்களின் படத்துக்குப் பின்னணியாகக் கொழுந்து பறிக்கும் பெண் நிற்கின்றாள்; அவள் தமிழும் நம் தமிழே. பந்தியில் அவளுக்கு ஓரிலை போடாத மணம் நாடறிந்த மணம் ஆகுமா? மலையிற் கலியாணம் செய்வோர் அம்மலைக்கு உரியாரை விருந்தினராக அழைப்பாராயின், அவ்விடம் அவர்க்கும் சிறுகுடியாகும்.

வள்ளி கதையின் முடிவும் ஈண்டு நினைக்கத்தக்கது. சிறுகுடியில் மணம் முடிந்தபின் முருகன் வள்ளியோடு தணிகைமலைக்கு எழுந்தருளினான். அம்மலையின் பெருமையை அவளுக்கு எடுத்துரைத்து, அங்கே இனிதிருந்து, பின்னரே கந்தவெற்பை அடைந்தான். மலையை அவன் துறக்கவில்லை. அதற்குரிய முறையில் வைத்தான். நம் பிள்ளைகளுக்கும் இவ்வழி திறந்திருக்கின்றது. முதியோர் கை அரிசி தலையில் விழக்கூடிய இடத்தில் தாலி ஏறட்டும். அடுத்த கிழமை இருவரும் நானுஓயாவுக்குப் புகைவண்டி ஏறட்டும். அங்கே மலை அவர்கள் இருவருக்காகவே காத்திருக்கும். தனிமை அதற்கு எக்காலத்தும் உரியது.