கிட் களஞ்சியத்தில் கோப்புப் பழுது: கண்டறியும் முறை

கோப்புகளில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் களஞ்சியம் ஒன்றில் வரலாறாகச் சேர்த்துவைக்கும் மென்பொருள் கிட். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் இதை எழுதினார். கோப்பின் உள்ளடக்கத்தை ஷா-1 என்ற கணக்கீட்டில் இட்டு, வரும் 40 இலக்கக் குறியீட்டையே அதற்குப் பெயராக வைக்கிறது கிட். உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் குறியீடு பொருந்தாது. பழுதைக் கண்டுபிடிக்க உதவுவது இந்தப் பொருத்தம்தான்.

பழுதுபோலத் தோன்றுவதெல்லாம் பழுதல்ல. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார ஊர்ப்பெயர்களை ஊருக்கு ஒரு கோப்பாகத் தொகுப்பதாக வைத்துக்கொள்வோம். ‘மல்லாங்கிணறு’ என்ற கோப்பின் பெயரைக் கிட் ‘\340\256\256’ என்று தொடங்கும் எண்வரிசையாகக் காட்டும். ‘ம’ என்ற எழுத்து யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகப் பதிவதால் வரும் தோற்றம் இது. ‘கோட்பாத்’ என்ற அமைப்பை அணைத்துவிட்டால் தமிழிலேயே தெரியும். ‘சொக்கலிங்கபுரம்’ பழைய மேக் கணினிகளில் வேறு சிக்கலைத் தரும். அங்கே ‘ொ’ குறி, ‘ெ’, ‘ா’ என இரண்டாகப் பிரிந்து பதிவாகும். கண்ணுக்கு ஒன்றாக இருக்கும் பெயர் கிட்டுக்கு இரண்டு கோப்பாகப் படலாம். இந்த இரண்டு சிக்கல்களிலும் உள்ளடக்கம் பத்திரமாகவே இருக்கும்.

உண்மையான பழுதுக்குக் காரணங்கள் வேறு: எழுதும் நடுவில் மின்சாரம் போவது, வட்டு தேய்வது, நினைவகக் கோளாறு. மின்சாரம் போனால் பெயர் மட்டும் இருந்து உள்ளே ஒன்றுமில்லாத கோப்பு மிஞ்சுவதுண்டு.

சந்தேகம் வந்ததும் முதல் வேலை, மறைந்திருக்கும் ‘.கிட்’ அடைவு உட்பட முழுக் களஞ்சியத்தையும் வேறு வட்டில் நகலெடுப்பது. அதற்கு முன் எதையும் அழிக்கக் கூடாது. அடுத்து ‘கிட் எஃப்எஸ்சிகே’ கட்டளை எல்லாக் குறியீடுகளையும் மீண்டும் கணக்கிட்டுச் சரிபார்க்கும். ‘டேங்ளிங்’ என்று வந்தால் அஞ்ச வேண்டாம். யாரும் சுட்டாத பழைய பதிவு அது. ‘மிஸ்ஸிங்’, ‘கரப்ட்’ என்று வந்தால் பழுது உறுதி.

பழுதான பதிவை உடன் பணியாற்றுபவரின் நல்ல பிரதியிலிருந்து எடுத்து வைக்கலாம். அதே கோப்பு வேலை அடைவில் மாறாமல் இருந்தால், ‘-w’ சேர்த்த ‘ஹேஷ்-ஆப்ஜெக்ட்’ கட்டளை பழைய பெயரிலேயே அதை மீண்டும் உருவாக்கும். உள்ளடக்கம் ஒன்றானால் குறியீடும் ஒன்றுதான். பிறகு வட்டையும் நினைவகத்தையும் சோதிக்க வேண்டும்; இல்லையேல் பழுது திரும்ப வரும்.

பிரதிகள் பல இருந்தாலே போதும் என்ற நம்பிக்கையை 2013 மார்ச்சில் கேடிஇ என்ற திறமூல மென்பொருள் திட்டத்தில் நேர்ந்த பழுது சோதித்தது. முதன்மைச் சேவையகத்தின் கோப்பு முறைமை பழுதாக, சுமார் 1500 களஞ்சியங்களின் பழுது அதனோடு தானாக ஒத்திசையும் மற்ற பிரதிகளுக்கும் பரவியது. ஒரு சேவையகத்தில் நல்ல பிரதி தப்பியிருந்ததால் அத்தனையும் மீண்டன. ஆகவே பிரதி எடுப்பதோடு நில்லாமல், அந்தப் பிரதியிலும் ‘எஃப்எஸ்சிகே’ சோதனையை அவ்வப்போது நடத்த வேண்டும்; ஒத்திசையாமல் தனியாக வைத்த பிரதி ஒன்றும் இருக்க வேண்டும்.