பிள்ளையின் பயமும் எச்சில் சோதனையும்

வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னாலே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை. "அப்பனை மாதிரியே பயந்த சுபாவம்" என்று பாட்டி சொல்வதோடு முன்பெல்லாம் பேச்சு முடியும். இப்போதோ, எச்சிலை அனுப்பினால் மரபணுவைப் பார்த்துக் குணத்தையே சொல்கிறோம் என்று கைப்பேசியில் விளம்பரம் வருகிறது. கூடுவாஞ்சேரிப் பெற்றோருக்கு என் வேண்டுகோள்: அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

பாட்டி சொன்னது பொய்யல்ல. பதற்ற நோய் ஒருவருக்கு வருவதிலும் இன்னொருவருக்கு வராததிலும் பரம்பரையின் பங்கு ஏறத்தாழ 30 முதல் 50 சதவீதம் என்கின்றன இரட்டையர் ஆய்வுகள். மூளையில் செரோட்டோனினைக் கையாளும் ஒரு மரபணுவின் குட்டை வடிவம் உள்ளவர்களிடம் பதற்ற குணம் சற்றுக் கூடுதல் என்று 1996-ல் ஓர் ஆய்வு வந்தது. பயந்த முகங்களின் படங்களைக் காட்டியபோது அவர்களுடைய மூளையில் பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி அதிகமாக இயங்கியதை 2002-ல் ஸ்கேனில் பார்த்தார்கள். ஆனால் அந்த 1996 கணக்கிலேயே குண வேறுபாட்டில் இந்த மரபணுவின் பங்கு வெறும் 3, 4 சதவீதம். மனச்சோர்வோடு இந்த மரபணுவுக்கு இருப்பதாகச் சொல்லப்பட்ட தொடர்பும் 2019-ல் வந்த மிகப் பெரிய ஆய்வில் நிற்கவில்லை. அப்படியிருக்க, 'பதற்றம்: அதிகம்' என்று அச்சடித்த தாளைப் பார்க்கும் பிள்ளை, தான் மாறவே முடியாது என்று நம்பிவிடும். நான் அஞ்சுவது அதைத்தான்.

பயம் பள்ளிக்குப் போவதையே தடுத்தால் சிகிச்சை வேண்டும். பேச்சுவழிச் சிகிச்சைக்கு நல்ல பலன் உண்டு, அதற்கு மரபணு அறிக்கை தேவையில்லை. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். ரயிலேறினால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காப்பது, மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 உங்களுக்குத் தரும் உரிமை.

சிகிச்சைச் செலவுக்குக் காப்பீடு கேட்கும்போது, "மனநோய்க்கெல்லாம் கவர் கிடையாது" என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 21(4) பிரிவு. மனநோய், மரபணு நோய் என்ற காரணத்துக்காகவே பாலிசியிலிருந்து விலக்கக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் விதித்துவிட்டது. ஆனால் பல பாலிசிகள் மருத்துவமனையில் படுக்கும் செலவைத்தான் தரும், ஆலோசனைக் கட்டணம் வராது. கிளைமை மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி தரவில்லையென்றாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம். பாலிசி எடுக்கும்போது மட்டும் பழைய சிகிச்சையை மறைக்காதீர்கள். பின்னால் அதைக் காட்டியே மறுப்பார்கள்.