உலக அமைப்பில் சேருமுன் தருமபுரி மாணவர் கேட்க வேண்டிய கேள்விகள்

கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் அது பெரும்பாலும் இரவு நேரத்தில்தான் வந்து விழும். நீலப் பின்னணியில் உலக உருண்டை, அதைச் சுற்றி இலை வளையம், கீழே 'சர்வதேச உளவியல் மாணவர் அமைப்பின் மாவட்டத் தூதராகுங்கள்' என்ற அழைப்பு. முதல் ஐம்பது பேருக்கு மட்டும். கட்டணம் 499 ரூபாய். ஆதார் நகலும் கல்லூரி அடையாள அட்டையும் அனுப்ப வேண்டும். மூலையில் ஒரு க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் திரையில் அமைப்பின் பெயர் வராது. யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வரும்.

பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் பஸ் ஏறி வந்து படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த அழைப்பு பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை. உளவியலை எடுத்ததற்கே வீட்டில் ஆயிரம் கேள்வி. 'இதைப் படிச்சு என்ன வேலைக்குப் போவ?' என்பவர்கள் முன்னால் 'இன்டர்நேஷனல்' என்று போட்ட ஒரு அட்டையைக் காட்டலாம் என்ற ஆசை நியாயமானதே. போலிகள் விலைபோவதற்குக் காரணம், இதே போன்ற நிஜ அமைப்புகள் உண்மையிலேயே இருப்பதுதான்.

ஐரோப்பிய உளவியல் மாணவர் சங்கங்களின் கூட்டமைப்பு 1987இல் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் தொடங்கியது. மாணவர்களே சம்பளமில்லாமல் நடத்தும் அமைப்பு அது. ஆண்டுதோறும் மாநாடு உண்டு, மாணவர் ஆய்வுகளுக்கென்று தனி இதழும் உண்டு. ஆனால் அதன் உறுப்பினர்கள் ஐரோப்பிய நாடுகளில் உள்ள மாணவர் சங்கங்கள். மாணவர் தன் நாட்டுச் சங்கத்தின் வழியாகத்தான் உள்ளே நுழைகிறார். 1951இல் உருவான உலக மருத்துவ மாணவர் கூட்டமைப்பும் இதே மாதிரிதான். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மாணவருக்கு அங்கே போக இந்திய மருத்துவ மாணவர் சங்கம் என்கிற வாசல் இருக்கிறது.

தனியாளாகச் சேரக்கூடிய அமைப்புகளும் இல்லாமலில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் வெளிநாட்டு மாணவர்களை இணைப்பு உறுப்பினர்களாக ஏற்கிறது. 1920இல் தோன்றிய பன்னாட்டுப் பயன்பாட்டு உளவியல் சங்கத்தில் மாணவர்களுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. 1929இல் அமெரிக்காவில் தொடங்கிய சை கை என்ற கௌரவச் சங்கத்துக்கோ, நீங்கள் படிக்கும் கல்வி நிறுவனத்தில் அதன் கிளை இருந்தாக வேண்டும். எனவே அழைப்பு வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எவ்வளவு கட்டணம்?' என்பதில்லை, 'எந்த வாசல் வழியாக என்னைச் சேர்க்கிறீர்கள்?' என்பதுதான். சங்கங்களை மட்டுமே உறுப்பினராக்கும் ஒரு கூட்டமைப்பின் பேரில் உங்களுக்குத் தனி உறுப்பினர் அட்டை விற்கிறார் ஒருவர் என்றால், விஷயம் அங்கேயே முடிந்தது. சந்தேகம் மிச்சமிருந்தால் தலைமை அமைப்பின் அதிகாரபூர்வ முகவரிக்கே மின்னஞ்சல் அனுப்பி, 'இவர் உங்கள் பிரதிநிதிதானா?' என்று கேட்டுவிடலாம். மாணவர் நடத்தும் அமைப்புகள் தாமதமாகத்தான் பதில் போடும். பதில் வரும்வரை பணம் கட்டாதீர்கள்.

இங்கேயே ஒரு சங்கத்தைத் தொடங்கி, அதை வெளிநாட்டுக் கூட்டமைப்போடு இணைக்கப் போவதாகச் சொல்பவர்களும் வருவார்கள். அப்படியானால் அது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிவானதா என்று கேளுங்கள். பதிவு எண், துணைவிதி, கடைசி ஆண்டுப் பொதுக்குழுவில் வைத்த வரவு செலவுக் கணக்கு, இந்த மூன்றையும் காட்டத் தயங்கும் சங்கத்தில் சேராமல் இருப்பதே மேல். உறுப்பினரான பிறகு நிர்வாகத்தில் முறைகேடு தெரிந்தால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் விசாரணை கோர அந்தச் சட்டத்தின் 36ஆம் பிரிவு வழிசெய்கிறது.

பணம் போவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அதை யாரும் அழைப்பிதழில் எழுதுவதில்லை. சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிய மறுவாரம் பக்கத்து வீட்டு அக்கா வருவார். 'ஏம்மா, நீ சைக்காலஜிதானே படிக்கிற? எம் பொண்ணு நாலு நாளா சாப்பிடாம மூலையில உக்காந்திருக்கா. கொஞ்சம் பேசிப் பாரும்மா.' இருபது வயதுப் பெண் போய் உட்கார்கிறாள். பேசுகிறாள். எதிரே இருப்பவள் தூக்க மாத்திரை சேர்த்து வைத்திருப்பதைச் சொல்கிறாள். இப்போது யார் பொறுப்பு? லிஸ்பனில் தொடங்கிய கூட்டமைப்பா, வாட்ஸ்அப் குழுவின் அட்மினா?

உறுப்பினர் அட்டை எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அது சிகிச்சை செய்வதற்கான உரிமம் ஆகாது. மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்ய இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் மையப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டின் மறுவாழ்வுக் குழுமச் சட்டம், 13ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய் என்று கேட்டால் சிரிப்பு வரலாம், சிறைத்தண்டனை சிரிப்புக்குரியதில்லை. மற்ற உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் பதிவு முறைக்குள் கொண்டுவர 2021இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. நடைமுறை மெல்லத்தான் நகர்கிறது. அந்தச் சட்டத்தைக் காட்டித்தான் பல்கலைக்கழக மானியக் குழு, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தப் புதிய சேர்க்கை கூடாது என்றது. வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. முடித்த பலர் நம் ஊர்ப் பக்கம் உண்டு. அந்த வழி இனிமேல் வருபவர்களுக்கு அடைபட்டுவிட்டது. அடைபட்ட இடத்தில் 'சர்வதேச அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் டிப்ளமோ' என்று கடை விரிப்பவர்கள் வரத்தான் செய்வார்கள்.

அந்த அக்காவிடம் என்ன சொல்வது? 'அக்கா, நான் இன்னும் படிச்சிட்டுத்தான் இருக்கேன். துணைக்கு வர்றேன், பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்' என்பது நேர்மையான பதில். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. தமிழில் பேசலாம், கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் எந்தெந்த நாளில் எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்ற பட்டியலைக் கேட்டுத் தெரிந்துவைத்திருக்கிற மாணவர், நூறு போஸ்டர் ஒட்டியவரைவிட ஊருக்குப் பயன்படுகிறவர்.

தன்னார்வப் பணியில் அடுத்து வருவது பள்ளிக்கூடம். மனநோய் குறித்த அவப்பெயரைப் போக்க ஐரோப்பியக் கூட்டமைப்பு 'மைண்ட் த மைண்ட்' என்ற இயக்கத்தை நடத்துகிறது. பயிற்சி பெற்ற மாணவர்கள் பள்ளிகளுக்குப் போய் வகுப்பெடுக்கிறார்கள். நல்ல முயற்சி. பாலக்கோட்டிலோ பாப்பிரெட்டிப்பட்டியிலோ அதே மாதிரி செய்ய ஆசைப்படலாம். ஆனால் தலைமையாசிரியரைத் தெரியும் என்பதற்காக உள்ளே போய்விடக் கூடாது. 2024 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில், பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் போலி என்.சி.சி. முகாம் நடத்தியவர்கள் மாணவிகளைச் சீரழித்த வழக்கை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சீருடையும் விசிலும் இருந்தன. அனுமதிக் கடிதத்தை யாரும் கேட்கவில்லை. ஆகவே முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்துபூர்வ அனுமதி, உங்கள் கல்லூரித் துறைத்தலைவரின் கடிதம், வகுப்பில் ஓர் ஆசிரியர் உடன் இருப்பது, இவற்றை நீங்களே வற்புறுத்துங்கள். உங்களைச் சந்தேகிப்பதாக நினைத்து முகம் சுளிக்க வேண்டாம். அந்தக் காகிதம் பிள்ளைகளையும் காக்கும், உங்களையும் காக்கும்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, நான்காக மடித்துக் கையில் வைத்துவிட்டுப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மாமா முறையுள்ள ஒருவர் செய்வதை எழுதியிருக்கிறாள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று நீங்கள் முன்பே வாக்குக் கொடுத்திருந்தால் சிக்கிக்கொண்டீர்கள். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிய வந்தவர் யாராக இருந்தாலும் போலீஸில் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவு. தெரிவிக்காமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. தன்னார்வலர் என்பதற்காக விலக்கு இல்லை. பேச்சைத் தொடங்கும்போதே, 'உன் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மட்டும் சரியானவர்களிடம் சொல்வேன்' என்று சொல்லிவிடுவதுதான் முறை. குழந்தைத் திருமணம் நம் மாவட்டத்தில் பழங்கதை ஆகிவிடவில்லை. 'அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம்' என்று ஒரு பத்தாம் வகுப்பு மாணவி சொன்னால் குழந்தைகள் உதவி எண் 1098க்கோ மாவட்ட சமூக நல அலுவலருக்கோ தகவல் போக வேண்டும். அவள் முகம் தெரியும் படத்தை இன்ஸ்டாவில் போட்டு 'ஒரு வாழ்வைக் காத்தோம்' என்று எழுதுவது மட்டும் கூடவே கூடாது.

இனிப் பணம். மாநாட்டு அழைப்பு வந்து ஐரோப்பா போவதென்றால் ஷெங்கன் விசா கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் திரும்பி வராது. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். கைரேகை வைக்கச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்வர வேண்டும். இவ்வளவையும் கூட்டிப் பார்க்காமல் மாநாட்டுப் பதிவுக் கட்டணத்தை முந்திக்கொண்டு கட்டிவிட்டு, அப்புறம் அப்பாவை நகை அடகு வைக்கச் சொல்வது சரியில்லை. விசா மறுத்தால் பதிவுக் கட்டணம் திரும்புமா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

இன்னொரு வகை ஆபத்து, பணம் உங்களிடம் வருவது. 'கிளை நடத்த வெளிநாட்டிலிருந்து நிதி அனுப்புகிறோம், உங்கள் சேமிப்புக் கணக்கில் வாங்கி மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள்' என்று யாராவது கேட்டால் உடனே விலகுங்கள். ஓர் அமைப்பு வெளிநாட்டு நன்கொடை வாங்க 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். பணமும் டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். அது போகட்டும், அந்தப் பணம் வேறு யாரிடமோ ஏமாற்றிப் பறித்ததாக இருந்தால் முடக்கப்படுவது உங்கள் கணக்கு. ஸ்காலர்ஷிப் வந்து விழுவதும் அதே கணக்கில்தான்.

சம்பளம் இல்லை என்பதால் உரிமையும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், தன்னார்வமாக வேலை செய்பவரையும் 'பணியாளர்' என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. சங்கம், அறக்கட்டளை, தொண்டு நிறுவனம் எல்லாமே பணியிடம்தான். பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள அமைப்பு என்றாலோ, தொல்லை தருபவரே தலைவர் என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்; தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். கல்லூரி வழியாக நடக்கும் பணியென்றால் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிகள் பொருந்தும். அந்த விதிகள் ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலினத்தவரும் பாதிக்கப்படக்கூடும் என்பதை ஏற்கின்றன.

உங்கள் தகவல்கள் மீதும் உரிமை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைகொண்ட அமைப்பு உங்கள் விவரங்களை வைத்திருந்தால், 2018 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கும் அவர்களது தரவுப் பாதுகாப்பு விதி உங்களுக்கும் சேர்த்துத்தான். என்னென்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கலாம், விலகிய பிறகு அழிக்கச் சொல்லலாம். பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அதே அமைப்பின் பெயரைச் சொல்லி உள்ளூர் ஆள் வாங்கிவைத்த ஆதார் நகலுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. உறுப்பினர் சேர்க்கைக்கு ஆதார் எதற்கு என்று கேளுங்கள். கல்லூரி அட்டை போதும்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. பணம் போன சில மணி நேரத்துக்குள் சைபர் மோசடி உதவி எண் 1930ஐ அழைத்தால் அந்தப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்தும் வாய்ப்பு இருக்கிறது. யுபிஐ பரிவர்த்தனை எண், வாட்ஸ்அப் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட், அந்தப் போஸ்டர் இவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். கோபத்தில் குழுவை விட்டு வெளியேறுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பயிற்சியும் சான்றிதழும் தருவதாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு தராமல் விட்டவர் மீது நுகர்வோர் சட்டப்படி போகலாம். நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் பேசிப் பார்க்கலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, எதிராளி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டாண்டுக்குள் வழக்குப் போட முடியும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமில்லை. இலவசமாகக் கிடைத்த சேவைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்பதால், கட்டியது 499 ரூபாயாக இருந்தாலும் ரசீது முக்கியம்.

எங்கே போவதென்றே தெரியாவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கொடுக்கலாம். எந்தத் துறைக்கு அனுப்ப வேண்டுமோ அங்கே அவர்கள் அனுப்புவார்கள். மனு எண் எழுதிய ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.