மேடையும் குவியலும்

மாதச் சந்தா கட்டிப் பாட்டுக் கேட்கிறவர், தன் காசு தான் கேட்ட பாடகருக்கே போவதாக நம்புகிறார். ஸ்பாட்டிஃபையின் கணக்கு வேறு. எல்லார் பணத்தையும் ஒரே குவியலாக்கி, தன் பங்கு போக மீதியை, மொத்தக் கேட்பின் விகிதப்படி உரிமையாளர்களுக்குப் பிரிக்கிறது. நான் ஒருநாளும் கேட்காத நட்சத்திரத்துக்கும் என் காசு போகிறது. 2024 முதல், 12 மாதத்தில் 1000 தடவைகூட ஓடாத பாட்டின் ஒலிப்பதிவுக்குச் சல்லிக்காசு கிடையாது. அதன் பங்கும் மற்றவர்களுக்கே.

‘மேடையேறிப் பிழைச்சுக்கோ’ என்கிறார்கள். மேடை யார் கையில்? நிகழ்ச்சி நடத்தும் லைவ் நேஷனும் டிக்கெட் விற்கும் டிக்கெட்மாஸ்டரும் 2010-இல் ஒன்றாயின. ஏகபோகம் என்று அமெரிக்க அரசு 2024-இல் வழக்குப் போட்டது.

சவுண்ட்கிளவுட் 2021-இல், ரசிகரின் காசை அவர் கேட்டவருக்கே பிரிக்கும் முறையைச் சுயேச்சைக் கலைஞர்களுக்குத் தொடங்கியது. ஆக, குவியல் ஒன்றும் இயற்கை விதியில்லை. அது மையத்தின் கணக்கு.