பிணவறையிலிருந்து குதிகாலுக்கு

முத்தமிட்டால் நெற்றி உப்புக் கரிக்கிற பிள்ளை தங்காது என்று ஐரோப்பாவில் பல தலைமுறைகளாக ஒரு பேச்சு இருந்தது. சூனியம் என்பார்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயை முதலில் கண்டுகொண்டவர்கள் தாய்மார்கள்தான் என்பேன்.

மருத்துவம் அதைப் பிணவறையில் கண்டது. சீலியாக் என்ற குடல்நோய் என்று முடிவுகட்டப்பட்ட சில குழந்தைகளின் கணையம் சிதைந்து நார்போல் ஆகியிருந்ததைப் பார்த்து, 1938இல் நியூயார்க் மருத்துவர் டோரதி ஆண்டர்சன் இதைத் தனி நோயாகப் பிரித்தார். 1948 கோடையில் நகரமே வெந்தபோது, இந்த நோயுள்ள பிள்ளைகள் வெக்கை தாங்காமல் சுருண்டார்கள். அதன் காரணத்தைத் தேடிப்போன பால் டி சாண்ட்அக்னீஸ் குழுவினர், அவர்கள் வியர்வையில் உப்பு மிகுதி என்று 1953இல் எழுதினார்கள். பிறகு சோதனை என்ற பெயரில் குழந்தைகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வியர்க்க வைத்தார்கள். உப்பை இழந்தால் துவண்டுபோகிற பிள்ளைக்கு இப்படியொரு சோதனை! 1959இல் ஆய்வாளர்கள் கிப்சனும் குக்கும் அதற்கு முடிவுகட்டினார்கள்: கையில் பைலோகார்பின் மருந்து, லேசான மின்சாரம், அந்த இடத்தில் மட்டும் வியர்வை.

ஆனாலும் எடை ஏறாமல், மலம் எண்ணெய்ப் பிசுக்காகப் போய், இருமல் விடாமல் தொடர்ந்த பிறகுதான் பிள்ளை சோதனைக்கே வரும். அதற்குள் உடம்பு பாதியாகியிருக்கும்.

1979இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் முன்கூட்டியே கண்டறிய வழி பிறந்தது. இந்த நோயில் கணையக் குழாய்கள் கருவிலேயே அடைபடுவதால் டிரிப்சினோஜென் என்ற கணையச் சுரப்பு ரத்தத்தில் கசிகிறது. காய்ந்த ரத்தப் பொட்டிலும் அதை அளக்கலாம். இன்று இங்கிலாந்தில் பிறந்த 5ஆம் நாள் வாக்கில் குதிகாலின் ஓரத்தில் குத்தி, அட்டையின் வட்டங்களில் ரத்தம் பின்பக்கம்வரை ஊறும்படி சொட்டவிடுகிறார்கள். சோதனை கைக்கு வந்தும் பிரிட்டன் முழுக்கப் பரவ 2007 ஆயிற்று. அமெரிக்காவின் எல்லா மாநிலங்களுக்கும் 2010. முன்கூட்டித் தெரிந்து என்ன பயன் என்ற வாதம் அத்தனை காலம் ஓடியது. விஸ்கான்சினில் 1985இல் தொடங்கிய ஆய்வில், சீக்கிரம் கண்டறியப்பட்ட பிள்ளைகள் நன்றாக வளர்ந்தார்கள்.

ரத்தத்துளி சந்தேகத்தை மட்டுமே எழுப்பும். குறைப்பிரசவக் குழந்தைக்கும் அந்த அளவு ஏறலாம். கொழுகொழுவென்று பால் குடிக்கும் பிள்ளைக்கு ‘மறுபடி வாருங்கள்’ என்று அழைப்பு வந்தால் பெற்றவர்களுக்குத் தூக்கம் ஏது? தீர்ப்புச் சொல்வது இன்றும் வியர்வைதான்: குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் நோய், 30க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இல்லை. இடையில் நிற்கும் குழந்தைகளை நோயாளி என்றும் அல்ல என்றும் சொல்ல முடியாமல் வருடக்கணக்கில் கவனிக்கிறார்கள். அறிகுறி தெரிந்த பிறகே சோதித்த காலத்தில் இந்தக் குழப்பம் குறைவு.

மரபணுச் சோதனையும் சேர்ந்துவிட்டது. ஆனால் அதன் பட்டியல்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தாரை வைத்துப் போட்டவை. தெற்காசியக் குழந்தைகளின் பிறழ்வுகள் சில அவற்றில் விட்டுப்போகும். இந்தியாவிலோ எல்லாக் குழந்தைகளுக்குமான தேசியப் பரிசோதனையே இந்த நோய்க்கு இல்லை. இங்கே இன்னும் இருமல் முற்றியோ, கோடையில் உப்புக் குறைந்து துவண்டோதான் பிள்ளை மருத்துவரிடம் வருகிறது.